தோள் கொடுக்க வந்தவர்கள்

"விடுங்கய்யா! தலைப்பக்கம் எங்களுது!"

"தலைப்பக்கமாவது கால்பக்கமாவது. கையை எடு மொதல்ல!"

மருந்துக்கடை வாசலில் போட்டிருந்த இரண்டு நாற்காலிகளின் மேல் மலாக்கி லினேனின் சவப்பெட்டி வலப்பக்கம் கொஞ்சம் போயிற்று. பிறகு இடப்பக்கம் கொஞ்சம் வந்தது. வலப்பக்கம் இழுத்த நால்வரும் கோட்டில் ஐவிக் கொடியின் இலை குத்தியிருந்தார்கள். இடப்பக்கம் இழுத்த நால்வரும் குத்தியிருக்கவில்லை. கில்மொரன் ஊரில் ஒருவனுடைய அரசியலைத் தெரிந்துகொள்ள அந்த இலை இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும். வாயைத் திறக்க வைக்க வேண்டியதில்லை. திறந்துவிட்டால் மூட வைப்பதுதான் கஷ்டம்.

வாசற்படியில் நின்றிருந்த டீலியா கறுப்புச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். செத்தவர் அவளுடைய அண்ணன். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அவர் ஊருக்காக அலைந்ததில் நேரமில்லாமல் போயிற்று. அவளுக்கு, அவளே சொல்லிக்கொள்வதுபோல, அந்த மூக்கோடு இந்த வாயும் சேர்ந்து வாய்த்திருந்ததால் யாருக்கும் தைரியம் வரவில்லை. அவர் மருந்து கலக்குவார். அவள் புட்டிகளில் ஊற்றிச் சீட்டு ஒட்டுவாள். இப்படியே அறுபதை நெருங்கிவிட்டாள்.

"டீலியாக்கா, நீங்களே சொல்லுங்க," என்றார் கார்னி டால்ட்டி. பாலத்துக்கு இந்தப் பக்கம் சாராயக்கடை அவருடையது. இலைக்காரர்களின் தலைவரும் அவர்தான். "உங்க அண்ணன் மனசளவுல யார் பக்கம்? எங்க பக்கந்தானே? கடைசிவரைக்கும் பார்னெலைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசியிருப்பாரா?"

"மிஸ் லினேன், தயவுசெய்து அந்த ஆளுக்குப் பதில் சொல்லாதீங்க," என்றார் ஜெரமையா லைசட். பாலத்துக்கு அந்தப் பக்கத்துத் துணிக்கடைக்காரர், ஒட்டடைக்கோல் மாதிரி உயரம், இலையில்லாதவர்களின் தலைவர். டால்ட்டி பக்கம் திரும்பாமலே பேசினார். "உங்க அண்ணன் ஒரு ஞாயித்துக்கிழமைகூடப் பூசைக்கு வராம இருந்ததில்ல. பிஷப்புமாருக்கு எதிரா ஒரு சொல் சொன்னதில்ல. அவரு யாரு பக்கம்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?"

டீலியா இரண்டு பேரையும் பார்த்தாள். இதே மலாக்கியை டால்ட்டியின் ஆட்கள் 'பிஷப்பு வீட்டு ஒற்றன்' என்று சொல்லிக் கடைக்கண்ணாடியை உடைத்தார்கள். சில்லுகளைக் கூட்டி அள்ளியவள் அவள். அதே கடைக் கதவில் லைசட்டின் ஆட்கள் 'விபசாரக் கட்சிக் கைக்கூலி' என்று தாரால் எழுதினார்கள். சுரண்டியெடுத்தவளும் அவள்தான். உயிரோடு இருந்தவரை இந்தா, உன் ஆள், நீயே வைத்துக்கொள் என்று மாறி மாறித் தள்ளினார்கள். இன்றைக்கு மூச்சு நின்றதும் நம் ஆள், நம் ஆள் என்று இழுக்கிறார்கள். எதிர்த்துப் பேசாத உறுப்பினர் என்றால் எந்தக் கட்சிக்கும் கசக்காதுபோல.

நேற்று சாவுவீட்டுக்கு வந்தவர்கள் குடித்த பீப்பாய் டால்ட்டி அனுப்பியது. மலாக்கி உடம்பில் போட்டிருக்கிற பழுப்பு அங்கி லைசட் கடையிலிருந்து வந்தது. ஊரில் எல்லாரும் டால்ட்டியின் சரக்கைக் குடித்துவிட்டு லைசட்டின் துணியைப் பார்த்து அழுதார்கள். ஏழெட்டு வருஷத்தில் இரண்டு கட்சியும் ஒரே கூரைக்கடியில் சேர்ந்து செய்த முதல் காரியம் அது. அதைப் பார்க்கத்தான் மலாக்கிக்குக் கண் திறந்திருக்கவில்லை.

அந்தச் சண்டை ஏதோ கில்மொரனில் பிறந்ததும் இல்லை. நாட்டின் சுயாட்சிக்குப் போராடிய பெருந்தலைவர் பார்னெல் இன்னொருவர் மனைவியோடு வாழ்ந்த விஷயம் எங்கேயோ லண்டன் கோர்ட்டில் வெளியானது. தலைவர் இருக்கட்டும் என்று ஐவி இலை குத்திக்கொண்டார்கள் சிலர். போகட்டும் என்றார்கள் பிஷப்புமாரும் மற்றப் பலரும். அடுத்த வருஷமே அவர் செத்தும் போனார். ஆள் போன பின்னும் அவர் இருக்கலாமா கூடாதா என்ற சண்டை மட்டும் போகவில்லை. கில்மொரனில் எல்லாம் இரண்டிரண்டாயின. ஊர் பேண்டு உடைந்தபோது குழல்களெல்லாம் ஒரு பக்கம் போயின, முரசுகளெல்லாம் மறுபக்கம் போயின. அன்றிலிருந்து ஒரு ஊர்வலம் தாளமில்லாமல் போகும், இன்னொன்று பாட்டில்லாமல் போகும். நூறு வருஷத்துக்கு முந்திய கலகத்தில் தூக்கில் தொங்கியவர்களுக்குச் சந்தைத் திடலில் சிலை வைக்க வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். இரண்டு கமிட்டி. திடலின் அந்தக் கோடியில் ஒரு அடிக்கல், இந்தக் கோடியில் ஒரு அடிக்கல். சிலைதான் இல்லை. இங்கிலீஷ் துரைமாரின் ஆடுகள் இரண்டு கல்லிலும் வேறுபாடு பார்க்காமல் முதுகு தேய்த்துக்கொண்டன.

மலாக்கிக்கு இது பொறுக்கவில்லை. கூட்டம் போட்டுப் பேசுகிற ஆளில்லை அவர்; பேசினால் தொண்டை அடைத்துவிடும். அதனால் மருந்துப் புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பாலத்தின் இந்தப் பக்கம் ஒரு நாள், அந்தப் பக்கம் ஒரு நாள் என்று போக ஆரம்பித்தார். டால்ட்டிக்கும் லைசட்டுக்கும் தீராத வயிற்றுக்கோளாறு என்று ஊர் முழுக்க நம்பிற்று. புட்டியில் இருந்தது வெறும் புதினாத் தண்ணீர். ஊற்றிய டீலியாவுக்குத் தெரியாதா?

"எத்தனை நாளைக்கு இப்படி நடப்ப?" என்று கேட்பாள்.

"அவங்களுக்கு வயிறு சரியாகற வரைக்கும்," என்பார்.

போன இலையுதிர்காலத்தில் ஒரு சாயங்காலம் டால்ட்டி பின்வாசல் வழியாக வந்து கடைக்குப் பின்னால் இருந்த அறையில் உட்கார்ந்தார். டீலியா சுவருக்கு இந்தப் பக்கம் விரலெல்லாம் பசையாகச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் மருந்து நீட்டுகிற சின்ன ஜன்னல் பாதி திறந்திருந்தது.

"எனக்கும் அலுத்துப்போச்சு மலாக்கி. ஒரே மேடை, ஒரே கல்லு. சம்மதம். ஆனா அந்தத் துணிக்கடைக்காரன்தான் மொதல்ல வந்து கேக்கணும். ஊர் பாக்கக் கேக்கணும். நான் சரின்னு சொன்னேன்னு ஒரு ஈ காக்கைக்குத் தெரிஞ்சாலும், நான் சொல்லவே இல்லன்னு பைபிள்ல அடிச்சுச் சத்தியம் பண்ணுவேன்."

சில நாள் கழித்து அதே நாற்காலியில் லைசட். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கொஞ்சம் நல்ல வார்த்தைகளாகப் போட்டு, அவரும் அதையேதான் சொன்னார். அந்தச் சாராயக்கடைக்காரன்தான் முதலில் வந்து கேட்க வேண்டும், ஊர் பார்க்கக் கேட்க வேண்டும், தான் சம்மதித்தது வெளியே தெரியக்கூடாது. டால்ட்டிக்குப் போலவே அவருக்கும், வெளியே சொல்லமாட்டேன் என்று மலாக்கி சத்தியம் செய்துகொடுத்தார்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் மலாக்கி, டீலியா சுட்ட ரொட்டியை நன்றாக இருக்கிறது என்று சொன்னார். அந்த ரொட்டியை ஜன்னல் திறந்திருக்க முட்டுக்கொடுக்கலாம் என்பது அவளுக்கே தெரியும். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. "ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க டீலியா! யாரு மொதல்ல கேக்கறதுங்கறது மட்டுந்தான் பாக்கி. அது ஒரு விஷயமா?"

அதுதான் விஷயமாக இருந்தது. குளிர்காலம் முழுக்க அந்த 'முதல்ல'வைத் தூக்கிக்கொண்டு பாலத்தின் மேல் நடந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதவைத் திறக்கலாமா என்று கேட்டார். யாருடைய கடிகாரப்படி என்று கேட்டார்கள். பனிமழையில் நனைந்து வந்தார், மார்ச்சளி கண்டது, படுத்தார். கடைசி நாள் காலையில் நெஞ்சில் பற்றுப் போட்டுக்கொண்டிருந்த தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லிடாத டீலியா. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்."

"ரெண்டு பேரும் நாசமாப் போகட்டும்."

அவர் சிரிக்கப் பார்த்தார், இருமலாக வந்தது. "நான் செத்தா ரெண்டு பேரும் வருவாங்கல்ல? கேட்டுப் பாரு. சேந்து தூக்கச் சொல்லி. முன்னாடி ஜோடியா. அதுபோதும் எனக்கு. கல்லும் வேணாம், மேடையும் வேணாம்."

கில்மொரன் வழக்கப்படி, செத்தவரின் குடும்பப்பெயர் உள்ள நான்கு ஆண்கள்தான் பெட்டியை முதலில் தூக்க வேண்டும். லினேன் என்ற பெயரில் இந்த ஊரில் மிச்சமிருந்தவள் டீலியா ஒருத்திதான். அதனால் நேற்றுச் சாவுவீட்டில், புகைக்குழாய்களும் மூக்குப்பொடித் தட்டும் சுற்றிக்கொண்டிருந்தபோது, அவள் டால்ட்டியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "லைசட் வந்து மொதல்ல கேக்கட்டும்க்கா," என்றார் அவர். லைசட்டிடம் கேட்டாள். அவர் என்ன சொன்னார் என்று எழுத வேண்டியதில்லை.

இப்போது வாசலில் பெட்டி மறுபடியும் வலப்பக்கம் போயிற்று. ஒரு நாற்காலியின் கால் வழுக்கியது. பெட்டி ஒருபக்கமாகச் சாய, எட்டுப் பேரும் சேர்ந்து பிடித்தார்கள். உள்ளே ஏதோ மெல்ல நகர்ந்து பலகையில் 'தொம்' என்று இடித்தது.

ஏதோ என்ன ஏதோ. மலாக்கிதான்.

கூட்டம் அப்படியே நின்றது. பக்கத்து வீட்டு சூசன் கிராட்டி சிலுவை போட்டுக்கொண்டாள். டீலியா படியிறங்கி வந்து பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"கைய எடுங்க," என்றாள். "எல்லாரும்."

எடுத்தார்கள்.

"எங்க அண்ணன் யார் பக்கம்னு கேட்டீங்கல்ல? சொல்றேன். கார்னி டால்ட்டி! எங்க பின்னறையில உக்காந்து, என் டீயக் குடிச்சிட்டு, 'ஒரே மேடை, ஒரே கல்லு, சம்மதம்'னு சொன்னது யாரு?"

டால்ட்டியின் வாய் திறந்தது.

"மூடு, நான் இன்னும் முடிக்கல. ஜெரமையா லைசட்! அதே நாற்காலியில உக்காந்து அதையே சொன்னது யாரு? ஒருத்தருக்கொருத்தர் 'நீ மொதல்ல கேளு, நீ மொதல்ல கேளு'ன்னு அந்த மனுஷனப் பனியில விரட்டினீங்க. ரெண்டு பேரும் சம்மதிச்ச விஷயத்துக்கு ரெண்டு பேருக்கும் நடுவுல நடந்து நடந்தே செத்தாரு. இப்ப வந்து தலைப்பக்கமா கால்பக்கமான்னு சண்டை போடறீங்களா? வெக்கமா இல்ல? ரெண்டு பேருக்கும் வயித்துல ஒண்ணுமில்லைய்யா, புதினாத் தண்ணி! உங்களுக்கு நோவு இருந்தது வேற இடத்துல!"

மழை தூற ஆரம்பித்திருந்தது. பேண்டுக்காரர்கள் ஊதுவதா அடிப்பதா என்று தெரியாமல் அவரவர் வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இலை குத்தியவர்கள் டால்ட்டியைப் பார்த்தார்கள். குத்தாதவர்கள் லைசட்டைப் பார்த்தார்கள்.

"பொய்!" என்றார் டால்ட்டி.

"பொய்!" என்றார் லைசட்.

இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. யார் முதலில் சொன்னார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

"லைசட் அப்படிச் சொல்லவே மாட்டாரு," என்றார் டால்ட்டி கூட்டத்தைப் பார்த்து, முகமெல்லாம் சிவக்க. "அந்தாளு பிடிவாதம் எனக்குத் தெரியாதா? செத்தாலும் எறங்கி வர்ற ஆளில்ல."

"டால்ட்டி எதுவும் செய்யக்கூடியவர்தான்," என்றார் லைசட். "ஆனா கொள்கையை விட்டுட்டு என்கூட ரகசியமா சமாதானம் பேசற ஆளா? அப்படிச் சொல்றது அவருக்கு அவமானம். அவருக்காக நானே மறுக்கறேன்."

"ரொம்ப நன்றி."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

டீலியா மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் 'அவன்', 'அந்த ஆள்' என்பதற்கு மேல் போகாதவர்கள் 'அவர்' போட்டுப் பேசுகிறார்கள். தோள் ஒட்ட நிற்கிறார்கள். பாவி மலாக்கி புதினாத் தண்ணீரோடு நடந்ததற்குப் பதிலாக ஊர் நடுவில் நின்று இரண்டு பேரையும் பொய்யர்கள் என்று திட்டியிருந்தால் போன வருஷமே சிலை எழும்பியிருக்கும்.

"பாவம், செத்தவரு நல்லவருதான்," என்றது கூட்டத்தில் ஒரு குரல். "ஆனா கொஞ்சம் கதை கட்டுவாரோ?"

"தங்கச்சிகிட்டப் பெருமைக்குச் சொல்லியிருப்பாரு," என்றது இன்னொன்று.

டீலியா கூட்டத்தை நோக்கித் திரும்பினாள். "யாருடா அது?" என்றாள். "முன்னால வாடா! வாங்கடா ரெண்டு பேரும்! எங்க அண்ணன் கதை கட்டினாரா? நான் என் காதால கேட்டேன்டா!" யாரும் முன்னால் வரவில்லை. "வேணாம். ஒருத்தரும் தூக்க வேணாம். சூசன், உன் கழுதை வண்டியக் கொண்டா. நானே ஓட்டிட்டுப் போறேன். கழுதைக்கு ரெண்டு நாக்கு கிடையாது."

"டீலியா, இப்படி வா," என்றார் ஃபாதர் மொலோனி.

பங்குச்சாமியார் அதுவரை குடைக்கடியில் செபப்புத்தகத்தைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றிருந்தார். அவளைக் கடையோரமாக அழைத்துக்கொண்டு போனார். ஜன்னலில் சிவப்புத் தண்ணீரும் பச்சைத் தண்ணீரும் நிறைத்த பெரிய கண்ணாடிக் குடுவைகள் இருந்தன. பேசும்போது அவர் முகத்தில் பாதி பச்சையாகத் தெரிந்தது.

"ரெண்டு பேரும் தூக்கறாங்களாம். சேந்து. முன்ஜோடியா. இப்பத்தான் எங்கிட்டச் சொன்னாங்க."

டீலியா அவரை நம்பாமல் பார்த்தாள். "எப்படி?"

"நீ சொன்னதை வாபஸ் வாங்கணும். ஊர் முன்னால. அப்ப, 'எங்களுக்குள்ள ரகசியம் ஒண்ணுமில்ல, அந்தம்மா துக்கத்துல ஏதோ சொல்லிட்டாங்க, நாங்க பெரிய மனசு பண்ணி மன்னிச்சிட்டோம்'னு காட்டறதுக்குச் சேந்து தூக்குவாங்க."

"மன்னிக்கறாங்களா? என்னையா?"

"மெதுவாப் பேசு."

"நான் பொய் சொன்னேன்னு சொல்லணுமா சாமி?"

"பொய்ன்னு வேணாம். மூணு ராத்திரி தூக்கமில்ல, தலை சுத்திருச்சுன்னு சொல்லு. அது உண்மைதானே."

"நான் சொன்னதும் உண்மைதான். உங்களுக்குத் தெரியும். அவங்க ரெண்டு பேரும் உங்ககிட்டத்தான் பாவசங்கீர்த்தனத்துல எல்லாத்தையும் சொல்றாங்க. உங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

சாமியார் தன் காலணி நுனியைப் பார்த்தார். மழைத்தண்ணீர் அதில் விழுந்து வழிந்தது. போன தேர்தலில் பீடத்திலிருந்து இலைக்காரர்களை நரகத்துக்கு அனுப்பியவர் இதே மனிதர்தான். அதை அவள் மறந்துவிடவில்லை.

"பாவசங்கீர்த்தனத்துல எனக்குத் தெரியறது எல்லாம் வெளியில எனக்குத் தெரிஞ்சதா ஆகாது டீலியா," என்றார் கடைசியில்.

டீலியா திரும்பி வாசலைப் பார்த்தாள். பெட்டி நாற்காலிகளின் மேல் கோணலாக நனைந்துகொண்டிருந்தது. யாரும் அதை நேராக வைக்கவில்லை. உள்ளே அவர் எந்தப் பக்கம் சரிந்து கிடக்கிறாரோ. மலாக்கிக்கு வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் மூச்சு வாங்கும்.

அவள் தொண்டையில் வந்ததையெல்லாம் விழுங்க நேரம் எடுத்தது. இந்த விழுங்கலைத்தான் அவர் தினமும் செய்தார் போலிருக்கிறது. கண்ணாடி உடைந்தபோது, தார் பூசியபோது, ஒவ்வொரு வீட்டுப் படியிலும். எப்படித்தான் ரொட்டி இறங்கிற்றோ அவருக்கு. அதுவும் அவள் சுட்ட ரொட்டி.

படியேறி நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்றாள். "எனக்குத் தூக்கமில்ல, புத்தி சரியில்ல. நான் கேட்டதா சொன்னது ஒண்ணையும் நான் கேக்கல. மிஸ்டர் டால்ட்டி எங்க வீட்டு நாற்காலியில உக்காந்ததே இல்ல. மிஸ்டர் லைசட்டும் உக்காந்ததில்ல. எங்க வீட்ல நாற்காலியே இல்ல. கில்மொரன்ல யாரும் யாரோடயும் சமாதானம் பேசல, பேசவும் மாட்டாங்க. ஊர் நிம்மதியா இருக்கலாம். போதுமா?"

"போதும் போதும்," என்றார் சாமியார் அவசரமாக.

டால்ட்டி தலையாட்டினார். லைசட்டும் பெரிய மனசோடு தலையாட்டினார். இருவருடைய கண்ணும் டீலியாவின் கண்ணை மட்டும் பார்க்காமல், பெட்டி, மழை, சாமியார் என்று சுற்றி வந்தன.

தொப்பியோடு பெட்டிக்குத் தோள் கொடுக்க முடியாது. இருவரும் கழற்றினார்கள். யாரிடம் கொடுப்பது? டால்ட்டி ஆளிடம் லைசட் கொடுக்கமாட்டார், லைசட் ஆளிடம் டால்ட்டி கொடுக்கமாட்டார். சூசன் கிராட்டி இரண்டையும் பிடுங்கி இரண்டு கையிலும் வைத்துக்கொண்டாள்.

அந்த ஊரில் பெட்டி தூக்குகிற விதம் ஒன்றுதான். எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அடியில் ஒருவர் தோளை ஒருவர் கையால் சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிடி இல்லாமல் பெட்டி நிற்காது. அந்த நேரம் வரைக்கும் இரண்டு பேருக்கும் இது ஞாபகத்துக்கு வரவில்லை என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

"ம்," என்றார் சாமியார்.

லைசட்டின் நீண்ட கை, வேண்டாத பாத்திரத்தைத் தொடுவதுபோல டால்ட்டியின் தோள்மேல் இறங்கியது. டால்ட்டியின் குட்டைக் கை எட்டவில்லை. எம்பி லைசட்டின் கோட்டைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது. பின்ஜோடியில் ஒரு இலைக்காரனும் ஒரு இலையில்லாதவனும் மாட்டிக்கொண்டார்கள். பெட்டி எழும்பியது. வழக்கப்படி யாரோ நாற்காலிகளை உதைத்துக் கவிழ்த்தார்கள்.

உயரமும் குட்டையும் சேர்ந்ததால் பெட்டி டால்ட்டி பக்கம் சாய்ந்தபடியே போயிற்று. டீலியா பின்னால் நடந்தாள். குழல்காரர்கள் ஊத ஆரம்பித்தார்கள். கொஞ்சம் கழித்து, வேறு வழியில்லாமல், முரசுக்காரர்களும் அடித்தார்கள். பழக்கம் விட்டுப்போனதால் தாளம் பாட்டுக்குப் பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்தது.

பாலத்தின் மேல் கல் வழவழத்திருந்தது. லைசட்டின் கால் சறுக்கியது. கூட்டம் மூச்சை உள்ளே இழுத்தது.

"புடிச்சுக்கடா ஜெரி!"

"புடிச்சுட்டுத்தான் இருக்கேன். நீ கழுத்தை நெரிக்காத!"

"நெரிக்கலன்னா நீ ஆத்துல கெடப்ப!"

மலாக்கி ஏறி இறங்கிய பாலம். அவர் இவ்வளவு மெதுவாக அதைக் கடந்து டீலியா பார்த்ததில்லை. லைசட்டின் முதுகில் டால்ட்டியின் குட்டை விரல்கள் பதிந்த இடத்தில் கறுப்புத்துணி சுருண்டு சுருண்டு கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நடந்தாள். கோபம் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை. எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.

இடிந்த மடத்தையொட்டிய கல்லறைத் தோட்டத்தில் குழி தயாராக இருந்தது. இறக்கினார்கள். லத்தீன் செபம் சொல்லி முடித்தார்கள். மண் விழுந்தது. முதல் கைப்பிடிகள் சத்தமாக விழுந்தன, அடுத்தவை மெத்தென்று விழுந்தன. டீலியா அழவில்லை. அழுதால் இந்த இரண்டு பேரும் அதையும் சேர்ந்து மன்னித்துவிடுவார்கள்.

சூசன் தொப்பிகளை நீட்டினாள். இரண்டும் ஒரே மாதிரிக் கறுப்பு வட்டத் தொப்பிகள். இரண்டும் லைசட் கடைச் சரக்குதான். கட்சி உடைவதற்கு முன்னால் வாங்கியது. ஆளுக்கொன்றை அவசரமாக எடுத்துப் போட்டுக்கொண்டு, டால்ட்டி தன் ஆட்களோடு மேற்கு வாசல் பக்கமும், லைசட் தன் ஆட்களோடு கிழக்கு வாசல் பக்கமும் போனார்கள். மழையிலேயே இரண்டு பக்கமும் பேச்சு ஆரம்பித்தது.

"ஒற்றுமைக்காக மொத அடியெடுத்து வெச்சது யாருன்னு இன்னிக்கு ஊர் பாத்துச்சு!" என்றது மேற்குப் பக்கம்.

"கைநீட்டி முதலில் வந்தவர் யார் என்பதை வரலாறு சொல்லும்!" என்றது கிழக்குப் பக்கம்.

டால்ட்டிக்குத் தலை பெரிது. தொப்பி அவர் உச்சந்தலையில், ஜாடியின்மேல் பொருந்தாத மூடிபோல உட்கார்ந்திருந்தது. இரண்டு காதும் முழுசாக நனைந்தன. எதிர்க்கோடியில் லைசட்டின் மெலிந்த முகம் புருவம்வரை தொப்பிக்குள் போயிருந்தது.

சூசன் வாயைப் பொத்திக்கொண்டு டீலியாவின் விலாவில் இடித்தாள். "அடியே, பாத்தியா? போய்ச் சொல்லிட்டு வரட்டா?"

டீலியா மேற்கே பார்த்தாள். கிழக்கே பார்த்தாள். சால்வை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றாள்.

மழை வலுத்தது. லைசட் பேச்சை நிறுத்தாமலே ஒரு விரலால் தொப்பியை நெற்றிக்கு மேலே தள்ளிக்கொண்டார். அது மறுபடியும் கண்ணுக்கு இறங்கிற்று.